முத்திரை பதித்த வெள்ளிக் கொல்லர் பால் ரிவியர்

அரசர்களும் படைத்தலைவர்களும் அறிஞர்களும் வரலாற்றில் இடம்பெறுவது இயல்பு. கையில் சுத்தியலும் முன்னே உலைக்களமுமாய் வாழ்நாளைக் கழித்த தொழிலாளர் ஒருவர் ஒரு நாட்டின் விடுதலை வரலாற்றில் இடம்பெறுவது அரிது. அவ்வரிய பேற்றினைப் பெற்றவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த வெள்ளிக் கொல்லர் பால் ரிவியர் ஆவார். 1775ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து நள்ளிரவொன்றில் குதிரையேறிச் சென்று, ஆங்கிலப் படையின் வருகையை ஊராருக்கு அறிவித்தவர் என்றே உலகம் அவரை அறியும். அவ்வோர் இரவுக்கு முன்னும் பின்னும் அவர் ஆண்டுக்கணக்கில் செய்துவந்த தொழிலைப் பற்றி அறிந்தோர் சிலரே. அத்தொழிலின் வழியே அவர்தம் வாழ்வைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகதியின் மகன்

பிரான்சு நாட்டில் கத்தோலிக்க அரசின் ஒடுக்குமுறைக்கு ஆளான சீர்திருத்தக் கிறித்தவர்கள் ஹியூகனாட்டுகள் எனப்பட்டனர். தாய்நாட்டில் வாழ வழியின்றிப் பலர் கடல் கடந்தனர். அவர்களுள் ஒருவர் அப்போலோ ரிவ்வார். பதின்மூன்று வயதுச் சிறுவராக, பெற்றோர் துணையின்றிப் பாஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கிய அவர், அந்நகரின் புகழ்பெற்ற வெள்ளிக் கொல்லரான ஜான் கோனியிடம் தொழில் பயிலும் மாணாக்கராகச் சேர்ந்தார். 1722இல் கோனி மறைந்தபின், எஞ்சிய பயிற்சிக் காலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தித் தம்மை விடுவித்துக்கொண்டு தனித் தொழில் தொடங்கினார். உள்ளூர் மக்களின் நாவுக்கு எளிதாக இருத்தல் வேண்டித் தம் பெயரையும் பால் ரிவியர் என மாற்றிக்கொண்டார். 1729இல் டெபோரா ஹிச்பார்ன் என்னும் பாஸ்டன் நகர மங்கையை மணந்தார்.

இவ்விருவருக்கும் 1734ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்த மகனே தந்தையின் பெயரைத் தாங்கிய நம் பால் ரிவியர். எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்றபின், அவர் தந்தையின் பட்டறையே பள்ளியாக அமர்ந்தார். 1754இல் தந்தை மறைந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. இருபத்தொரு வயது நிறையாதவர் தம் பெயரில் பட்டறை நடத்துதல் கூடாது என்பது அக்கால முறை. எனவே அன்னையின் பெயரில் தொழில் நடந்தது. உலையின் முன் உழைத்தவர் மகன். 1756இல் பிரெஞ்சுப் படைகளுக்கு எதிரான போரில் பீரங்கிப் படையின் துணை அலுவலராகச் சில மாதங்கள் பணியாற்றித் திரும்பினார். அடுத்த ஆண்டு சாரா ஆர்ன் என்பாரை மணந்தார். 1773இல் சாரா மறைந்தபின் ரேச்சல் வாக்கரை மணந்தார். இரு மனைவியரும் எண்மர் எண்மராகப் பதினாறு மக்களைப் பெற்றனர். இத்துணைப் பெரிய குடும்பத்தை உருட்டியது அவரது சுத்தியலே.

வெள்ளியும் நம்பிக்கையும்

அந்நாளில் அமெரிக்கக் குடியேற்றங்களில் வங்கிகள் இல்லை. கடல் வணிகத்தால் ஸ்பானிய வெள்ளி நாணயங்களும் பிற நாட்டு நாணயங்களும் வந்து குவிந்தன. நாணயத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் கள்வன் கொண்டுசெல்வான். கொண்டு சென்றபின் இது இன்னாருடையது என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? எனவே செல்வர்கள் தம் நாணயங்களை வெள்ளிக் கொல்லரிடம் கொடுத்து உருக்கச் செய்து, கிண்ணமாகவும் குவளையாகவும் தேநீர்க் கெண்டியாகவும் மாற்றிக்கொண்டனர். அவற்றில் குடும்பச் சின்னமும் பெயரெழுத்தும் பொறிக்கப்பட்டன. பண்டம் அழகுக்கு அழகாயிற்று; சேமிப்புக்குச் சேமிப்பும் ஆயிற்று. தேவை நேர்ந்தால் மீண்டும் உருக்கிக் காசாக்கலாம். நம் நாட்டுப் பெண்களின் நகை குடும்பத்தின் காப்பு நிதியாக விளங்குவதை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று.

இங்குதான் ஒரு பெரும் வினா எழுகிறது. கொல்லர் திருப்பித் தரும் பண்டத்தில் உள்ளது தூய வெள்ளிதானா என்பதை யார் அறிவார்? ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் எஞ்சிய 75 பங்கு செம்பு முதலிய உலோகமும் கலந்ததே ஆங்கிலேயரின் ஸ்டெர்லிங் தரம். லண்டன் மாநகரில் பொற்கொல்லர் மன்றம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பண்டமும் அங்கே உரைத்துச் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்ற பின்னரே விற்பனைக்கு வரும். இன்று நம் நகைக்கடைகளில் வழங்கும் ஹால்மார்க் என்னும் சொல் அம்மன்றத்தின் பெயரால் பிறந்ததே. பாஸ்டனில் அத்தகைய மன்றம் ஏதும் இல்லை. 1652இல் மாசசூசெட்ஸ் நாணயச் சாலையைத் தொடங்கி நடத்திய ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் ஆகிய முன்னோடி வெள்ளிக் கொல்லர்கள் காலந்தொட்டு, அந்நகரத்துக் கொல்லர்கள் பண்டத்தின் அடியில் தம் பெயரை முத்திரையாக அடித்துத் தந்தனர். அம்முத்திரைக்குப் பின்னால் அரசின் ஆணை இல்லை. அவருடைய நேர்மை ஒன்றே இருந்தது. ஒருமுறை கலப்படம் வெளிப்பட்டால் அப்பெயர் அன்றே செல்லாக் காசாகிவிடும். ரிவியர் தம் குடும்பப் பெயரை ஒரு சிறு நீள்சதுரத்துக்குள் அடக்கி அடித்த முத்திரை, அவருடைய தொழில்வாழ்வு முழுவதற்கும் பிணையாக நின்றது.

பட்டறையின் பணிமுறை

வெள்ளிப் பணி பொறுமையின் பணி. முதலில் நாணயங்களையும் பழைய பண்டங்களையும் மூசையில் இட்டு, கரி நெருப்பில் துருத்தியால் ஊதி உருக்குவர். உருகிய வெள்ளியை அச்சில் வார்த்துக் கட்டியாக்குவர். அக்கட்டியை அடித்து அடித்துத் தகடாக்குவர். பின்னர்த் தகட்டை வட்டமாக நறுக்கி, இரும்புத் தாங்கியின் மேல் வைத்து, வட்டம் வட்டமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவர். ஒவ்வொரு சுற்றிலும் விளிம்பு சற்றே உயரும்; தட்டையான தகடு படிப்படியாகக் கிண்ண வடிவு பெறும். அடிபட்ட வெள்ளி இறுகும் இயல்பினது. இறுகிய வெள்ளியை மேலும் அடித்தால் வெடிப்புக் காணும். ஆகவே அவ்வப்போது அதனைச் செந்நிறம் தோன்றக் காய்ச்சி இளகச் செய்து, மீண்டும் அடித்தல் வேண்டும். காய்ச்சுதலும் அடித்தலுமாக ஒரு கிண்ணம் பலமுறை நெருப்பைக் காணும்.

வடிவு அமைந்தபின், பளபளப்பாகத் தீட்டிய முகமுடைய சுத்தியலால் மெல்லத் தட்டி, முன்னைய அடியின் தழும்புகளை மறைப்பர். கெண்டியின் மூக்கு, கைப்பிடியின் பொருத்து, கால் முதலியவற்றைத் தனியே செய்து, பற்றாசு வைத்து ஊதி ஒட்டுவர். சித்திர உளியால் பூவேலையும் குடும்பச் சின்னமும் செதுக்குவர். இறுதியில் மெருகேற்றுவர். ரிவியரின் கணக்கேடுகளில் வெள்ளியின் எடைக்கு உரிய விலையும், செய்கூலியும், செதுக்குக் கூலியும் வெவ்வேறாக எழுதப்பட்டுள்ளன. வாங்குபவர் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என அறிந்தே கொடுத்தார்.

1761 முதல் 1797 வரையிலான அவரது கணக்கேடுகள் அழியாமல் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பேறு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிப் பண்டங்கள் அவற்றில் பதிவாகியுள்ளன. தேக்கரண்டி, காலணிக் கொளுவி, குழந்தையின் கிலுகிலுப்பை முதலாகத் தேவாலயக் குவளை ஈறாகப் பலவகைப் பொருள்கள் அப்பட்டறையிலிருந்து வெளிவந்தன. வளர்ப்பு அணிலைக் கட்டுவதற்கான வெள்ளிச் சங்கிலி ஒன்றுங்கூட அப்பட்டியலில் உண்டு. 1773இல் வில்லியம் பெயின் என்னும் மருத்துவர் தம் மணமகளுக்காக 45 உருப்படிகள் கொண்ட தேநீர், காப்பிக் கலத்தொகுதி ஒன்றைச் செய்வித்தார். பெயின் ஆங்கில அரசின் ஆதரவாளர். ரிவியரோ அவ்வரசின் எதிர்ப்பாளர். கருத்து வேறுபாடு கைத்தொழிலின் தரத்தைக் குறைக்கவில்லை.

வெள்ளி மட்டும் சோறிடாத காலமும் வந்தது. 1760களின் நடுவில் வணிகம் நலிந்தபோது ரிவியர் செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிட்டார். செயற்கைப் பல் கட்டும் கலையையும் கற்றார். இக்கலை பின்னாளில் எதிர்பாராத வகையில் பயன்பட்டது. அவருடைய நண்பரும் விடுதலை இயக்கத் தலைவருமான மருத்துவர் ஜோசப் வாரன், 1775 ஜூன் 17ஆம் நாள் பங்கர் ஹில் போரில் மாண்டு, அடையாளமின்றிப் புதைக்கப்பட்டார். பத்துத் திங்கள் கழித்துத் தோண்டியெடுத்த உடலை, தாம் கம்பியிட்டுக் கட்டிய செயற்கைப் பல்லைக் கொண்டு ரிவியர் அடையாளம் காட்டினார். தம் கைவேலையைத் தாமே அறிந்து சான்று பகர்ந்த துயர நிகழ்ச்சி அது.

விடுதலையாளரின் கிண்ணம்

1767இல் ஆங்கில நாடாளுமன்றம் கண்ணாடி, தாள், வண்ணம், தேயிலை முதலியவற்றின் மீது வரி விதித்தது. தங்கள் சார்பாளர் எவரும் இல்லாத மன்றம் தங்களுக்கு வரி விதிப்பது முறையன்று எனக் குடியேற்ற மக்கள் வெகுண்டனர். மாசசூசெட்ஸ் பேரவை ஏனைய குடியேற்றங்களுக்கு எதிர்ப்பு மடல் ஒன்றை அனுப்பியது. அதனைத் திரும்பப் பெறுமாறு அரசர் தரப்பிலிருந்து ஆணை வந்தது. 1768இல் 92 உறுப்பினர்கள் அவ்வாணைக்கு அடிபணிய மறுத்து வாக்களித்தனர், பணிந்தவர் பதினெழுவரே. அத்தொண்ணூற்றிருவரின் துணிவைப் போற்றும் வகையில், விடுதலை மைந்தர் இயக்கத்தினர் பதினைவர் பொருள் தந்து, ரிவியரிடம் ஒரு வெள்ளிக் கிண்ணம் செய்வித்தனர்.

அக்கிண்ணத்தின் எடை 45 அவுன்சு. கொள்ளளவு 45 கில். இங்கிலாந்தில் ஜான் வில்க்ஸ் நடத்திய இதழின் 45ஆம் எண் அரசரின் உரையைத் தாக்கியதால் அவர் சிறைப்பட்டார். அதனால் அவ்வெண்ணே விடுதலையின் குறியீடாயிற்று. கிண்ணத்தின் மேல் மகா சாசனம், உரிமைச் சட்டம் ஆகிய ஆங்கில உரிமை ஆவணங்களின் பெயர்களும், பொருள் தந்த பதினைவரின் பெயர்களும் செதுக்கப்பட்டன. பூவேலை மிகுந்த கலங்கள் போற்றப்பட்ட அந்நாளில், அலங்காரம் குறைந்த எளிய வளைவே அதன் அழகு. 1949இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அதனை விலைக்கு வாங்கியபோது பொதுமக்கள் நன்கொடை அளித்தனர். பள்ளிச் சிறுவர்கள் தம் சிறுகாசுகளைச் சேர்த்துத் தந்தனர்.

கிண்ணம் உருவான 1768ஆம் ஆண்டளவில் ஓவியர் ஜான் சிங்கிள்டன் காப்ளி ரிவியரை ஓவியமாகத் தீட்டினார். செல்வர்கள் பட்டாடையும் பொய்முடியும் அணிந்து ஓவியருக்கு முன் அமர்ந்த காலம் அது. ரிவியரோ மேலங்கியின்றி, வெள்ளைச் சட்டையுடன், ஒரு கையில் கெண்டியும் மேசைமேல் செதுக்குளிகளுமாகக் காட்சி தருகிறார். தொழிலை மறைக்க நினையாத மனிதரின் உருவம் அது.

ஒரு கறை

சான்றோர் வாழ்வை எழுதுவோர் குறைகளை மறைத்தல் உண்டு. அது வாசகருக்கும் நன்மையன்று, வரலாற்றுக்கும் நன்மையன்று. 1770 மார்ச் 5ஆம் நாள் பாஸ்டன் தெருவில் ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். அந்நிகழ்ச்சியை ஹென்றி பெல்ஹாம் என்னும் இளம் ஓவியர் படமாக வரைந்தார். இவர் மேலே குறித்த காப்ளியின் தாய்வழித் தம்பி. ஒரே தாயின் மகன். அப்படம் ரிவியரின் பார்வைக்கு வந்தது. பெல்ஹாம் தம் படத்தை அச்சிட்டு வெளியிடும் முன்பே, ரிவியர் அதனைப் பார்த்துச் செதுக்கித் தம் பெயருடன் விற்பனைக்கு விட்டார். வழிப்பறி செய்தமைக்கு நிகராகும் எனப் பெல்ஹாம் மனம் நொந்து அவருக்கு மடல் எழுதினார்.

அப்படம் குழப்பமான ஒரு தெருச் சண்டையை, வரிசையாய் நின்ற சிப்பாய்கள் தலைவனின் ஆணைப்படி நிகழ்த்திய படுகொலையாகக் காட்டியது. அதனால் மக்களின் சினம் பெருகியது, இயக்கம் வலுப்பெற்றது. ஆயினும், நோக்கம் உயர்ந்தது என்பதால் பிறர் உழைப்பின் மீது தன் பெயரைப் பொறிப்பது முறையாகிவிடுமா? தம் பெயர் தாங்கிய வெள்ளியில் ஒரு குன்றிமணி அளவும் பிழை நேராது காத்தவர், தாளில் அக்காவலைத் தளர்த்தினார். அவரது பெயர் முத்திரைகளுள் கறைபட்டது இது ஒன்றே எனலாம்.

நள்ளிரவுப் பயணம்

1773 டிசம்பர் 16ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் எறியப்பட்டன. சென்னைப் பட்டினத்தை ஆண்டு நம் முன்னோரை வருத்திய அதே கம்பெனிதான் அது. அச்செய்தியை நியூயார்க்கு நகருக்குக் குதிரையில் கொண்டு சென்றவர் ரிவியர். அதன்பின் இயக்கத்தின் நம்பிக்கைக்குரிய தூதராகப் பிலடெல்பியாவுக்கும் பிற ஊர்களுக்கும் பலமுறை சென்றார். முக்கியமான மடல்களை ஒப்படைக்கத் தலைவர்கள் ஒரு கைவினைஞரைத் தேர்ந்தது ஏன் என்பது எண்ணத்தக்கது. பிறர் வெள்ளியை நம்பி ஒப்படைத்துப் பழகிய கைகள் அவை.

1775 ஏப்ரல் 18ஆம் நாள் இரவு, ஆங்கிலப் படை கான்கார்டு ஊரிலிருந்த படைக்கலங்களைக் கைப்பற்றப் புறப்பட்டது. வழியிலுள்ள லெக்சிங்டனில் தங்கியிருந்த சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக் ஆகிய தலைவர்களை எச்சரிக்குமாறு வாரன் இருவரை ஏவினார். வில்லியம் டாஸ் நிலவழியே சென்றார். ரிவியர் படகில் ஆற்றைக் கடந்தார். படை நிலவழி வந்தால் ஒரு விளக்கும் நீர்வழி வந்தால் இரு விளக்கும் தேவாலயக் கோபுரத்தில் காட்டுமாறு அவர் முன்னரே ஏற்பாடு செய்திருந்தார். அன்று இரு விளக்குகள் ஒளிர்ந்தன. இரவல் குதிரையில் ஏறி, வழியெங்கும் வீடுகளை எழுப்பி, நள்ளிரவளவில் லெக்சிங்டனை அடைந்தார். டாசும் வந்து சேர, இருவரும் கான்கார்டு நோக்கிச் சென்றனர். வழியில் சாமுவேல் பிரெஸ்காட் என்னும் மருத்துவரும் இணைந்தார். ஆங்கிலக் காவற்படை அவர்களை மறித்தது. டாஸ் தப்பினார், ரிவியர் பிடிபட்டார், பிரெஸ்காட் ஒருவரே கான்கார்டை அடைந்து செய்தி சேர்த்தார். குதிரையைப் பறிகொடுத்து விடுவிக்கப்பட்ட ரிவியர் லெக்சிங்டனுக்கு நடந்தே திரும்பினார். விடியலில் அவ்வூரில் முதல் வெடி முழங்கியது.

1861இல் வெளிவந்த லாங்ஃபெல்லோவின் கவிதை இப்பயணத்தை ஒரே வீரரின் செயலாகப் பாடியது. அவர் கான்கார்டை அடைந்ததாகவும் கூறியது. ரிவியரின் புகழ் அதனால் பன்மடங்காயிற்று. ஆனால் ரிவியர் தாமே எழுதிவைத்த குறிப்பில் டாஸ், பிரெஸ்காட் ஆகியோரையும் தாம் பிடிபட்டதையும் மறையாது பதிவு செய்துள்ளார். பெல்ஹாமுக்குத் தராத பங்கினை இவர்களுக்கு அவர் தந்தார் என்பது நெஞ்சுக்கு ஆறுதல்.

பெயருக்காக ஒரு வழக்கு

போர்க்காலத்தில் அவர் மாசசூசெட்ஸ் அரசுக்குப் பணத்தாள் அச்சிடத் தகடு செதுக்கினார். வெடிமருந்து ஆலை அமைக்க உதவினார். பீரங்கிப் படையில் லெப்டினன்ட் கர்னலாகப் பணியாற்றினார். 1779இல் பெனாப்ஸ்காட் விரிகுடாவில் ஆங்கிலேயரை அகற்றச் சென்ற பெரும்படையில் பீரங்கிப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அப்படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது. கப்பல்கள் அனைத்தும் அழிந்தன. தோல்விக்குப் பின் பழி தேடும் படலம் தொடங்கியது. மேலோர் ஆணையை மீறினார், கோழையாய் நடந்தார் என ரிவியர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. அவர் பதவியினின்றும் விலக்கப்பட்டார்.

நாளடைவில் மக்கள் மறந்துவிடுவர் என்று அவர் வாளாவிருந்திருக்கலாம். மாறாக, தம்மைப் படை நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்குமாறு தாமே மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1782இல் விசாரணை நடந்தது; குற்றமற்றவர் எனத் தீர்ப்பு வந்தது. வெள்ளியை உலையில் இட்டுச் சோதித்துப் பழகியவர், தம் பெயரையும் உலையில் இடுமாறு கேட்டுப் பெற்ற நிகழ்ச்சி இது.

மணியும் செம்பும்

போர் முடிந்தபின் வெள்ளிப் பட்டறை புதுவடிவு பெற்றது. தகடு உருட்டும் பொறி ஒன்றை வாங்கினார். சுத்தியலால் அடித்துத் தகடாக்கும் உழைப்புக் குறைந்தது. உருட்டிய தகட்டை வளைத்துப் பொருத்தி, விரைவாகவும் மலிவாகவும் கெண்டிகள் செய்ய முடிந்தது. 1788இல் வார்ப்படச் சாலை தொடங்கினார். 1792இல் முதல் தேவாலய மணியை வார்த்தார். அதன் ஓசை செவிக்கு இனிதாக அமையவில்லை. ஆயினும் அதன்மீதும் தம் பெயரைப் பொறித்தார். மேன்மேலும் வார்த்துப் பிழை களைந்தார். அவர்தம் குடும்பச் சாலையிலிருந்து நூற்றுக்கணக்கான மணிகள் வெளிவந்தன. 1816இல் பாஸ்டன் கிங்ஸ் சேப்பல் தேவாலயத்துக்கு வார்க்கப்பட்ட மணி அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

மரக்கப்பல்களின் அடிப்பாகத்தைக் கடற்புழுக்கள் துளைக்காமல் காக்கச் செப்புத் தகடு தேவை. அத்தகட்டுக்கு அமெரிக்கா இங்கிலாந்தையே எதிர்பார்த்திருந்தது. அறுபத்தாறாம் வயதில், ஓய்வு நாடும் பருவத்தில், தம் சேமிப்பிலிருந்து 25,000 டாலரும் அரசிடம் பெற்ற 10,000 டாலர் கடனும் கொண்டு, 1801இல் கான்டன் என்னும் ஊரில் செப்புத் தகடு உருட்டும் ஆலையை நிறுவினார். மாசசூசெட்ஸ் அரசு மாளிகையின் குவிமாடத்துக்கும், கான்ஸ்டிடியூஷன் என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்கும் அவ்வாலையின் தகடுகளே சென்றன. அரசியலில் பெற்ற விடுதலையைத் தொழிலிலும் நிலைநாட்டிய செயல் அது. 1795இல் கைவினைஞர்களின் நலச்சங்கம் ஒன்றுக்கு முதல் தலைவராகவும் அமர்ந்தார். 1811இல் தொழிலை மக்களிடம் ஒப்படைத்த அவர், 1818 மே 10ஆம் நாள் தமது எண்பத்து மூன்றாம் வயதில் பாஸ்டனில் மறைந்தார். 1770இல் அவர் வாங்கிய வீடு 1908 முதல் பொதுமக்கள் காணும் நினைவில்லமாகத் திகழ்கிறது.

நிறைவாக

ரிவியரின் வாழ்வில் மாணவர் கொள்ளத்தக்கவை பல. அவற்றுள் தலையாயது, செய்த பொருளின் அடியில் தன் பெயரை இடும் துணிவு. சோதித்துப் பார்க்கும் மன்றம் இல்லாத இடத்தில்தான் நேர்மைக்கு உண்மையான சோதனை நேர்கிறது. அவர் செய்த கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாலன்றி அம்முத்திரை கண்ணில் படாது. இருந்தும் ஒவ்வொன்றிலும் அதனை அடித்தார். பெல்ஹாம் படத்தில் தவறியபோது அத்தவறும் அவர் பெயராலேயே இன்றளவும் பேசப்படுகிறது. பெயர் பொறிப்பவர் புகழுக்கு உரியவர் ஆவதுபோலவே பழிக்கும் பொறுப்பாளி ஆகிறார்.

நாளை ஆசிரியராகவோ வணிகராகவோ அலுவலராகவோ அமரப்போகும் இளைஞர்கள் நாள்தோறும் பல தாள்களில் கையொப்பமிடுவர். விடைத்தாளிலும் ஆய்வேட்டிலும் இடும் பெயரும் அத்தகையதே. அதன் கீழே உள்ளது தம் உழைப்பா, அதன் தரம் சொன்னபடி உள்ளதா என்று ஒருகணம் எண்ணிப் பார்த்துப் பெயரிடும் பழக்கம் வாய்க்குமாயின், பாஸ்டன் நகரத்து வெள்ளிக் கொல்லரின் வரலாற்றைப் படித்த பயன் முழுமை பெறும்.